கதவைத் திறவுங்கள், கூலியையும் கொடுங்கள்!

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் சங்க ஆபீசில் உட்கார்ந்து சந்தாக் கணக்கைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் பெண் ஒருத்தி, ஐந்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"என்ன அம்மிணி, பி.எஃப். விஷயமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. இவனுக்கு ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். பேச்சு வரலை. பயிற்சி குடுக்கிற எடத்துக்கு எட்டு மாசமாக் கூட்டிட்டுப் போறேன். உள்ள என்ன சொல்லித் தர்றாங்கன்னு நானும் பாக்கறேன்னு கேட்டா, 'பெத்தவங்க வந்தா வேலை கெட்டுப் போகும், வெளிய உக்காருங்க'ங்கிறாங்க. கம்பெனியில லீவு கேட்டா, 'வாரத்துல மூணு நாள் பாதி ஷிப்டுல போறதா இருந்தா வேற ஆள் போட்டுக்கறோம்'ங்கிறாங்க. யார்கிட்டப் போய்ச் சொல்றதுங்க?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதில் சங்கம் என்ன செய்ய முடியும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி விஷயம், குடும்ப விஷயம், போனஸ் பேச்சுவார்த்தைக்கு நடுவில் இது வேறா என்று நினைத்தேன். அந்த நினைப்புத் தவறு. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். வைத்தியம் தெரிந்தவன் அல்ல. ஆனால் இந்த மூன்று மாதமாக டாக்டர்களிடம் கேட்டும், பெற்றோர்களிடம் பேசியும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அந்தத் தங்கையின் முன்னால் இரண்டு கதவுகள் மூடப்பட்டிருக்கின்றன. ஒன்று பயிற்சி அறையின் கதவு. மற்றொன்று அவளுடைய கம்பெனியின் கேட். இரண்டையும் மூடியிருக்கும் கை எது என்று பார்ப்பது நம் கடமை.

புற உலகச் சிந்தனை யாருக்கு இல்லை?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில், கருவிலிருந்தே தொடங்குகிற வேறுபாடு. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இது தொற்றாது, மாத்திரையால் மறைவதும் இல்லை. பேச்சும் பிறரோடு பழகுவதும் கடினமாக இருக்கும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். சத்தமோ வெளிச்சமோ தொடுகையோ சிலருக்குத் தாங்காது. சிலர் படித்து உத்தியோகத்துக்குப் போவார்கள். சிலருக்கு ஆயுள் பூராவும் ஒரு துணை வேண்டும். 2021-ம் வருஷக் கணக்குப்படி உலகில் 127 பேரில் ஒருவர் இப்படி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்கிற ஒரு கம்பெனியின் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இது யாரோ நாலு பேர் வீட்டு விஷயமா?

சர்க்கார் காகிதங்களில் இதற்குப் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று பெயர் எழுதுகிறார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! அந்தப் பையன் எங்கள் ஆபீசுக்குள் வந்த பத்தாவது நிமிஷத்தில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று கண்டுபிடித்துவிட்டான். புற உலகத்தைப் பற்றிய சிந்தனை அவனுக்கு இருக்கிறது. அவனைப் பற்றிய சிந்தனைதான் புற உலகத்துக்கு இல்லை.

தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றியவர்கள்

பெற்றோரை வெளியே நிறுத்தும் வழக்கம் நேற்று வந்ததல்ல. அதற்கு ஒரு வெட்கக்கேடான சரித்திரம் உண்டு.

1943-ல் அமெரிக்காவில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த லியோ கானர் என்ற டாக்டர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகுக்கு எடுத்துக் காட்டினார். இது பிறவியிலேயே வருவது என்று எழுதிய அவரே, இக்குழந்தைகளின் பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் எழுதி வைத்தார். அந்த ஒரு பொறியை மற்றவர்கள் ஊதி ஊதிப் பெரிய தீயாக்கினார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பட்டம் கட்டினார்கள். தாயின் மனம் பனிக்கட்டியாக இருந்ததால் குழந்தை உள்ளே ஒடுங்கிப் போயிற்றாம்!

சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் இதைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே போட்டார். நாஜிகளின் முகாமில் தாமே அடைபட்டுக் கிடந்தவர் அவர். அந்த முகாமின் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டார். குழந்தை கைதி என்றால் காவல்காரன் யார்? பெற்ற தாய்! அப்படியானால் சிகிச்சை என்ன? குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து ஒரு விடுதியில் வைப்பது! இதை அறிவாளிகள் கை தட்டி வரவேற்றார்கள். எத்தனை தாய்மார்கள் 'நான்தான் என் பிள்ளையைக் கெடுத்தேன்' என்று ராத்திரி முழுக்க அழுதிருப்பார்கள்!

இந்தப் பொய்யை உடைத்தவர் யார்? ஒரு தகப்பன். பெர்னார்ட் ரிம்லாண்ட், அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக இருந்தவர், மகனுக்கு ஆட்டிசம். 1964-ல் அவர் எழுதிய புத்தகம், இது உடலில், மூளையில் உள்ள விஷயம். தாயின் குற்றம் அல்ல என்று ஆதாரங்களை அடுக்கியது. அடுத்த வருஷமே அவரும் மற்றப் பெற்றோர்களும் சேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கம் கட்டினார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1962-ல், பெற்றோர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். 1969-ல் அந்த அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில் கானர் எழுந்து, பெற்றோர்களாகிய உங்கள் மீது குற்றம் இல்லை என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. தீர்ப்பு வர இருபத்தாறு வருஷம்! அதுவும் பெற்றோர்கள் ஒன்று கூடிய பிறகு!

நம் ஊரில் இந்தப் பொய் வேறு வேஷத்தில் உலவுகிறது. "செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்." "வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளையைப் பார்க்காமல் விட்டாள்." "போன ஜென்மத்துப் பாவம்." இதில் ஒன்றுகூட உண்மை அல்ல. தடுப்பூசியால் வந்தது என்பதும் பொய்; 1998-ல் அந்தப் புரளியைக் கிளப்பிய கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. செல்போனே கதியாகக் கிடந்தால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல்தான். அது வேறு விஷயம். ஆட்டிசத்துக்கு அது காரணம் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது பயிற்சி அறையின் கதவுக்கு வருவோம்.

அந்தப் பையனுக்கு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் 45 நிமிஷம். ஆக வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம். ஒரு வாரத்தில் 168 மணி. குழந்தை தூங்குவதற்கு 70 மணியைக் கழியுங்கள். மீதி 98. அதில் இரண்டேகால் மணி பயிற்சி அறையில். 95 மணிக்கு மேல் அம்மா, அப்பா, பாட்டி, அங்கன்வாடி, தெரு என்று கழிகிறது. அந்த 95 மணி நேரத்தில் என்ன செய்வதென்று யாருக்கும் சொல்லித் தராமல், இரண்டேகால் மணி நேரத்தை மட்டும் விலைக்கு விற்கிறார்கள்.

விலை என்ன? அந்தத் தங்கை சொன்ன கணக்கு: ஒரு தடவைக் கட்டணம் அவளுடைய ஒரு ஷிப்டுக் கூலியை விழுங்கிவிடுகிறது. மாதத்துக்கு 26 ஷிப்டு ஓட்டினால் 13 ஷிப்டுக் கூலி அங்கே போகிறது. கூட்டிக்கொண்டு போவதால் இழக்கும் பாதி ஷிப்டுகள் தனி.

நடத்தைப் பயிற்சி என்பது மந்திரம் அல்ல. அதன் அடிப்படை எந்தத் தொழிலாளிக்கும் விளங்கக் கூடியது. குழந்தை ஒரு காரியம் செய்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது? குழந்தை என்ன செய்தது? பின்னால் அதற்கு என்ன கிடைத்தது? இந்த மூன்று கேள்விகள்தான் அஸ்திவாரம்.

சாயங்காலம் ஆறு மணி. தாய் வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிறாள். பையனுக்குப் பசி, சொல்லத் தெரியவில்லை. தட்டை எடுத்து வீசுகிறான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். தாய் பதறிப் போய்ச் செல்போனைக் கையில் கொடுக்கிறாள். பையன் அடங்குகிறான். அவன் கற்றுக்கொண்டது என்ன? தட்டை வீசினால் செல்போன் வரும். தாய் கற்றுக்கொண்டது என்ன? செல்போன் கொடுத்தால் அடங்குவான். இருவரையும் குற்றம் சொல்ல முடியாது. இருவரும் தங்களுக்குத் தெரிந்த வழியில் அந்த நிமிஷத்தைக் கடந்தார்கள். இதற்கு மாற்று என்ன? தட்டு பறப்பதற்கு முன்பே, சோற்றுக் கிண்ணத்தின் படம் ஒன்றை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கப் பையனுக்குப் பழக்க வேண்டும். கொடுத்தவுடனே ஒரு வாய் சோறு கிடைக்க வேண்டும். நாள்தோறும், ஒவ்வொரு தடவையும்.

இதைப் பயிற்சி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடிக்க முடியுமா? அங்கே பசி இல்லை, அடுப்பு இல்லை, எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறிடத்தில் வேறொருவரிடம் செய்வது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கடினம் என்பது இத்துறையில் பாலபாடம். அறைக்குள் படத்தைக் கொடுக்கும் பையன் வீட்டில் தட்டைத்தான் வீசுவான், வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தப் பாடம் தெரியாத வரையில்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. நடத்தைப் பயிற்சியின் முன்னோடி என்று சொல்லப்படும் லோவாஸ், கலிபோர்னியாவில் தாம் பயிற்சி கொடுத்த குழந்தைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று 1973-ல் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து எழுதினார். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகள் மேலும் முன்னேறினார்கள். விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் கற்றதை இழந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்!

இன்னொரு சாட்சி. பெட்டல்ஹைம் கோலோச்சிய அதே சிக்காகோவில் படித்த எரிக் ஷாப்லர் என்பவர், வட கரோலினா மாகாணத்துக்குப் போய், அவருக்கு நேர் எதிரான வேலையைத் தொடங்கினார். பெற்றோரைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்க்கச் செய்தார். பிறகு அவர்களையே உள்ளே விட்டுச் செய்து காட்டச் சொன்னார். பெற்றோர் சக சிகிச்சையாளர்கள் என்று எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பெற்றோர்கள் மாகாணச் சட்டசபைக்குப் போய் வாதாடினார்கள். 1972-ல் அந்த வேலை மாகாண சர்க்கார் பணத்தில் நடக்கும் நிரந்தர அமைப்பாயிற்று. அமெரிக்கா முதலாளித்துவ நாடுதான். அங்கேயே, கூடிக் கேட்டால் கிடைத்தது.

கதவு ஏன் மூடியிருக்கிறது?

"தாய் உள்ளே இருந்தால் குழந்தை அழுகிறது" என்கிறார்கள். சில குழந்தைகள், சில நாட்கள், அழத்தான் செய்யும். அதற்கு வழி இல்லையா? கண்ணாடி வைக்கலாம். கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு உள்ளே விடலாம். செல்போனில் படம் பிடித்துக் காட்டி விளக்கலாம். வழி தேடாமல் கதவைச் சாத்துவது யாருக்கு லாபம்?

தாய்க்குத் தொழில் தெரிந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு நாள் ஆகும். பில் தொகை குறையும். உள்ளே எத்தனை குழந்தைகளுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்குப் படிப்பு என்ன, குழந்தையை எப்படி நடத்துகிறார் என்பதெல்லாம் வெளியே தெரியும். அதனால்தான் கதவு! எல்லாரையும் சொல்லவில்லை. தாய் தகப்பனை உள்ளே அழைத்து, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் நல்ல பயிற்சியாளர்களை நானே பார்த்தேன். அறைக்குள் வேலை செய்யும் இளம் பெண்கள் பலரும் சொற்பச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான். நம் சண்டை அவர்களோடு அல்ல. குழந்தையின் பேச்சைச் சரக்காக்கி விற்கும் வியாபாரத்தோடு.

அந்த வியாபாரம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டுமா? அமெரிக்காவில் ஆட்டிசம் பயிற்சி நிலையங்களை ஊர் ஊராக நடத்தி வந்த 'கார்ட்' என்ற பெரிய கம்பெனியை, 2018-ல் பிளாக்ஸ்டோன் என்ற நிதி மூலதன ராட்சசன் வாங்கிற்று. 2023-ல் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பல ஊர்களில் நிலையங்கள் மூடப்பட்டன. அங்கே போய் வந்த குழந்தைகள்? அவர்கள் பெயர் எந்த லாப நஷ்டக் கணக்கிலும் இல்லை.

மறு பக்கத்துப் பொய்

இனி இரண்டாவது கதவு. இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பெற்றோரை உள்ளே விடு என்று நாம் கேட்டவுடனே, சில கனவான்கள் வாயெல்லாம் பல்லாக முன்னால் வருகிறார்கள். "ஆகா, பேஷ்! பெற்றோரே முதல் ஆசிரியர்! வீடே பள்ளிக்கூடம்! அம்மாக்களுக்கு இரண்டு நாள் முகாம் போட்டுவிடுகிறோம். ஒரு கையேடும் தருகிறோம். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். அதாவது, நிபுணர் வேண்டாம், நிலையம் வேண்டாம், சர்க்கார் பணம் வேண்டாம். எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டிவிட்டால் போதும். நேற்று 'உன்னால்தான் வந்தது' என்று தாயை ஏசினார்கள். இன்று 'உன்னால்தான் தீரும்' என்று புகழ்கிறார்கள். இரண்டிலும் சுமப்பவள் அவளே!

பெற்றோருக்குப் பயிற்சி என்பது பணம் செலவழிக்காமல் நடக்கிற காரியமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. 65 குழந்தைகள். பெரிய நிபுணர்கள் அல்லாத சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைக் கவனித்து அதற்கேற்பப் பேசக் கற்றார்கள்; குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்பு கொள்வது கூடிற்று. எல்லா அம்சங்களிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை; அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நமக்கு இதில் பாடம் என்ன? நம்மைப் போன்ற ஏழை நாடுகளிலும் இது முடியும். ஆனால் அந்த ஊழியருக்குப் பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பெற்றோர் பயிற்சித் திட்டத்திலும் ஒன்பது கூட்டங்களும் மூன்று தடவை வீட்டுக்கு வருவதும் உண்டு. இரண்டு நாள் முகாமும் ஒரு கையேடும் எந்த ஊர்க் கணக்கு?

இன்னொரு கேள்வி. தாய்க்கு நேரம் எங்கே? காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை ஷிப்டு முடித்து எழுந்திருக்கிறாள். பீஸ் ரேட்டில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. மத்திய சர்க்காரில் வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தைப் பராமரிப்பு லீவு சர்வீஸ் முழுவதுக்குமாக 730 நாள் உண்டு. மாற்றுத் திறனாளிக் குழந்தையானால் வயது வரம்பும் இல்லை. ஹிமாசலப் பிரதேசத்தில் சர்க்கார் கல்லூரி ஆசிரியையான ஒரு தாய்க்கு, மகன் மரபணுக் கோளாறால் அவதிப்பட்ட போதும் அந்த லீவு கிடைக்கவில்லை. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். இப்படிப்பட்ட தாய்மாருக்கு லீவு தருவதை மாநில சர்க்கார் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெண்கள் வேலையில் நீடிப்பது சலுகை அல்ல, அரசியல் சட்ட உரிமை என்று 2024 ஏப்ரலில் கோர்ட்டு சொல்லிற்று. நல்லது. பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு? விசைத்தறிப் பெண்ணுக்கு? வீட்டு வேலை செய்கிறவளுக்கு? அவர்கள் பெற்ற பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 24-வது பிரிவு, அதிகத் துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித் தொகை தரத் திட்டம் வகுக்கும்படி சர்க்காருக்குச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவாசலிலேயே ஒரு பூட்டு: 'தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' செய்ய வேண்டுமாம்! பெரும் கம்பெனிகளின் வரியைக் குறைக்கும் போது இந்தப் பொருளாதாரச் சக்தி எங்கே போயிற்று? தாயின் கையில் காசு வைக்கும் போதுதான் அது ஞாபகத்துக்கு வருமோ?

2013 முதல் குழந்தைகளைப் பரிசோதிக்கத் தேசியத் திட்டம் இருக்கிறது. அதன்படி ஆரம்பத் தலையீட்டு மையம் என்று மாவட்டத்துக்கு ஒன்று. மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பஸ் இரைச்சலையே தாங்க முடியாத குழந்தையோடு அங்கே வந்து சேருவதற்குள் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

தகப்பன்மார்களே, உங்களைத்தான்!

இதுவரை 'தாய்', 'தாய்' என்றே எழுதி வந்தேன். படிக்கிற தோழர்கள் கவனித்தீர்களா? எழுதும் போது எனக்கே உறைத்தது. அந்தப் பையனின் தகப்பனார் நம் சங்க உறுப்பினர்தான். கேட் மீட்டிங்குக்குத் தவறாமல் வருவார். பயிற்சிக்கு எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடப் போகவில்லை. "அதெல்லாம் அவ பாத்துக்குவாங்க" என்றார். சோற்றுக் கிண்ணத்தின் படத்தைத் தாய் ஒரு விதமாகவும், தகப்பன் ஒரு விதமாகவும், பாட்டி ஒரு விதமாகவும் எடுத்துக்கொண்டால் குழந்தை எதைக் கற்கும்? வெளியே சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் பாரத்தைப் பாதிக்கு மேல் மனைவியிடம் தள்ளும் தோழர், கம்பெனி முதலாளியைப் பற்றிப் பேசும் யோக்கியதையைக் கொஞ்சம் இழக்கத்தான் செய்கிறார்.

அடக்குவதற்கா பயிற்சி?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடத்தைப் பயிற்சி என்ற பெயரில் கொடுமைகளும் நடந்திருக்கின்றன. நான் மேலே சொன்ன லோவாஸ் ஆரம்ப நாட்களில் குழந்தைகளை அறைந்தார். மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார். 1987-ல், வாரத்துக்கு 40 மணி வீதம் பயிற்சி கொடுத்த 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல் ஆகிவிட்டதாக எழுதினார். அந்த ஆராய்ச்சியிலும் அதட்டலும் அடியும் இருந்தன. ஆராய்ச்சி முறையிலும் குறைகள் உண்டு என்று பலர் காட்டினார்கள். ஆனால் '40 மணி' என்ற அந்த எண்ணை மட்டும் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களே வளர்ந்து பெரியவர்களாகி இன்று பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். "கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று வதைத்தார்கள். சந்தோஷத்தில் கையை உதறினால் பிடித்து அமுக்கினார்கள். எங்களுக்கு வேண்டியதைக் கற்றுத் தராமல், பார்க்கிறவர்களுக்கு வேண்டியபடி நடிக்கக் கற்றுத் தந்தார்கள்" என்பது அவர்கள் புகார். இது நியாயமான புகார். பெற்றோர் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாத்திய கதவுக்குப் பின்னால் பேச முடியாத குழந்தைக்கு என்ன நடக்கிறதென்று யார் சாட்சி சொல்வது?

அதே சமயம், வீட்டுக்குள்ளும் பார்த்துக்கொள்ள வேண்டும். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியை இந்த விஷயத்தில் குப்பையில் போடுங்கள். மிஷின் ஓடவில்லை என்று மிஷினை உதைக்கிறவன் தொழில் தெரியாதவன். தலையை முட்டிக்கொள்கிற குழந்தை, காது வலியோ பல் வலியோ சொல்லத் தெரியாமல் முட்டிக்கொள்ளலாம். முன்னால் நடந்தது என்ன என்று தேட வேண்டும். பசியை, வலியை, வேண்டாம் என்பதைச் சொல்லவும், உடுத்தவும், உண்ணவும், ரோட்டைக் கடக்கவும் கற்றுத் தருவதுதான் பயிற்சி. யாருக்கும் தொந்தரவில்லாமல் கையை உதறினால் உதறிவிட்டுப் போகட்டும்!

நாம் கேட்பது என்ன?

1. பயிற்சி கொடுக்கும் ஒவ்வொரு நிலையமும், சர்க்காருடையதானாலும் தனியாருடையதானாலும், பெற்றோர் பார்க்கவும் கற்கவும் அனுமதிக்க வேண்டும். இதைப் பதிவு நிபந்தனையாக்க வேண்டும். அடிப்பதும் கட்டி வைப்பதும் குற்றமாக நடவடிக்கைக்கு உள்ளாக வேண்டும்.

2. மாவட்டத்துக்கு ஒன்று போதாது. ஒவ்வொரு வட்டாரத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, பெற்றோருக்குக் கற்றுக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். காண்டிராக்டு முறையில் அல்ல, நிரந்தரச் சம்பளத்தில். அவர் வீட்டுக்கு வர வேண்டும். அவருக்கு மேற்பார்வையும் வேண்டும்.

3. இ.எஸ்.ஐ.க்கு நம் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் போகிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் இந்தப் பயிற்சி இலவசமாக வேண்டும்.

4. மாற்றுத் திறனாளிக் குழந்தையின் தாய்க்கும் தகப்பனுக்கும், சர்க்கார் வேலை, தனியார் வேலை, அமைப்புசாரா வேலை என்ற பேதமின்றி, கூலியோடு பயிற்சி லீவு வேண்டும்.

5. 24-வது பிரிவில் எழுதிய பராமரிப்பாளர் உதவித் தொகை, தேவைப்படும் எல்லாருக்கும், பத்துத் தடவை அலைய வைக்காமல் கிடைக்க வேண்டும்.

6. பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கமிட்டிகளில் பெற்றோரும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் உட்கார வேண்டும்.

அந்தத் தங்கையின் விஷயம் என்ன ஆயிற்று?

கம்பெனி மானேஜரிடம் சங்கம் சார்பில் போனோம். முதல் நாள் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம், அந்த லைனில் வேலை செய்யும் பதினான்கு பெண்களும் டீ நேரத்தில் மிஷினை விட்டு எழுந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். கோஷம் கூடப் போடவில்லை. வாரத்துக்கு இரண்டு அரை ஷிப்டு போய் வரலாம், வேலைக்கு ஆபத்தில்லை என்று அன்று சாயங்காலமே கையெழுத்தாயிற்று. ஆனால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. அதை இன்னும் வாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன்.

பயிற்சி நிலையத்துக்கு, அதே இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து போனார்கள். கடைசி இருபது நிமிஷம் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் இப்போது தகப்பனார் போகிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி சங்க ஆபீசுக்கு மூவரும் வந்தார்கள். பையன் மின்விசிறியைப் பார்த்தான், ஸ்விட்சுகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவின் பையிலிருந்து ஒரு அட்டையை உருவி, தகப்பனார் கையில் வைத்தான். டம்ளர் படம். தகப்பனார் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்க்கப் போய்விட்டான்.

ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க ஐந்து வருஷம் ஆயிற்று அந்தப் பையனுக்கு. அதில் எட்டு மாதம் ஒரு கதவு சாத்தியிருந்ததால் வீணாயிற்று. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், இப்படி எத்தனை கதவுகள் சாத்தியிருக்கின்றன என்று விசாரியுங்கள், தோழர்களே! அந்தக் குடும்பங்களை ஒன்று சேருங்கள். இது சங்கத்தின் வேலையா என்று கேட்காதீர்கள். தொழிலாளியின் பிள்ளை பேசத் துடிப்பது தொழிற்சங்கத்தின் வேலை இல்லை என்றால் வேறு எதுதான் வேலை?